வீட்டுக்காரர் பாடும் வரி

முல்லைத்தீவுக் கரையில் பாட்டுக் கேட்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர், அது தான்தான் என்பது பாம்பாம் அண்ணையின் அசைக்க முடியாத நம்பிக்கை. சைக்கிளில் மீன்பெட்டி கட்டி, தண்ணீரூற்று என்ற ஊர் வரைக்கும் ரப்பர் ஹோணை 'பாம்பாம்' என்று அமுக்கிக்கொண்டு போய் மீன் விற்பவர். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். கல்யாணம் கட்டவில்லை. அவர் பாடினால் வேலியில் இருக்கும் காகமும் எழும்பிப் போய்விடும்.

அறுபதுகளில் ஒரு நத்தார், கிறிஸ்மஸ் காலம். எங்கள் மாதா கோயில் கோஷ்டி வீடு வீடாகப் போய்ப் பாடும் பழைய பாட்டு ஒன்று உண்டு. பாலனுக்குத் தங்க இடம் உண்டோ என்று வாசலில் நின்று நாங்கள் கேட்போம். 'இங்கே இடமுண்டு' என்று வீட்டுக்காரர் உள்ளிருந்து பாடி, வேலிப் படலையைத் திறப்பார்கள். அந்த ஒரு வரி அவர்களுடையது. அந்த வருடம் பாட்டு மாஸ்ரர் அதற்குச் சினிமா மெட்டுப் போட்டார். மெட்டு ஓடிய ஓட்டத்தில், வீட்டுக்காரர் வாய் திறப்பதற்குள் அவர்கள் வரியையும் நாங்களே பாடி முடித்துவிட்டோம். ஆர்மோனியம் வாசித்த எனக்கு ஒரே பெருமை.

முதல் வீட்டிலேயே வேலிக்கு வெளியே 'பாம்பாம்' என்றது.

"நிப்பாட்டுங்கோ மாஸ்ரர்! இடமிருக்கோ எண்டு கேக்கிறதும் நீங்கள், இருக்கெண்டு சொல்லுறதும் நீங்களோ? அப்ப வீட்டுக்காரன் என்னத்துக்கு, விறகு பிளக்கவோ?"

"இது புது மெட்டு அண்ணை. ரேடியோவில இப்ப இப்பிடித்தான் பாடுகினம்."

"ரேடியோவுக்குப் படலை இருக்கோ?"

மாஸ்ரருக்குக் கோபம் வந்தது. எனக்கும்தான். கை நோக நோக ஒத்திகை பார்த்தவன் நான்! மனுசர் விட்டாரா? வீட்டுக்கு வீடு பின்னால் வந்தார். அந்த வரி வரும் இடத்தில் சரியாக ஹோணை அமுக்கினார். நாய்கள் குரைத்தன. ஒரு வீட்டில் மீன் வந்துவிட்டதென்று சட்டியோடு ஓடிவந்தார்கள். நத்தாரும் அதுவுமாக இப்படியும் ஒரு மனிதன் உண்டா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த விசரன்ர வீட்டுக்குப் போறேல்லை" என்று மாஸ்ரர் கத்தினார்.

பாம்பாம் அண்ணையின் முகம் செத்துப்போயிற்று.

"மாஸ்ரர், வருசத்தில ஒருநாள்தான் என்ர படலைக்கு ஆக்கள் வருகினம். அண்டைக்கு எனக்கெண்டு இருக்கிறது அந்த ஒரு வரிதான். அதையும் நீங்களே பாடினா நான் என்ன செய்யிறது?"

சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

எங்கள் கால்கள் தாமாகவே அவர் வீட்டுப் பக்கம் நடந்தன. மாஸ்ரர் முறைத்துக்கொண்டே பின்னால் வந்தார். பாம்பாம் அண்ணை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு படலைக்கு உள்ளே நின்றார். கையில் ஹோண் இல்லை. மாஸ்ரர் பிடிவாதமாகப் புது மெட்டிலேயே தொடங்கினார். அந்த வரி வந்ததும் நான் ஆர்மோனியத்தை நிறுத்தினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை, மாஸ்ரர்கூட.

"இங்கே இடமுண்டு" என்று பாம்பாம் அண்ணை பாடினார். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. படலை திறந்தது.

நாலு பேர் நின்றால் சுவர் பிதுங்குகிற குடில் அது. நாங்கள் எல்லோரும், ஆர்மோனியத்தையும் தூக்கிக்கொண்டு, உள்ளே போனோம். அந்த மனுசனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.