ஐஸ் அண்ணையின் மாப்பிள்ளை விசாரணை

பாரிசில் இருந்த தமிழர்களில் பனிக்கட்டியை வாசிக்கத் தெரிந்தவர் ஒரேயொருவர்தான். முப்பத்தாறு வருடம் கணக்குப் படிப்பித்தவன் என்ற பொறுப்போடு இதைச் சொல்கிறேன். எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் அவருக்கு ஐஸ் அண்ணை என்று பெயர். சொந்தப் பெயரை அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

2010இல் வன்னியிலிருந்து வந்தவர். வேலை கேட்டுப் போன இடத்தில் என்ன வாகனம் ஓட்டுவாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் ஊரில் ஓட்டிய உழவு மெசினை நினைத்து, "மெதுவாய்ப் போற எல்லாம்" என்றாராம். சென் தெனிப் புறநகருக்கு அப்பால் ஓர் ஐஸ் ஹொக்கி அரங்கில், வட்டைத் துரத்தி ஆட்டக்காரர் கீறிப்போட்ட பனித்தரையை மழமழப்பாக்கும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

ஆட்டத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அது நடக்கும்போது வண்டியில் இருந்து, அரங்குக்கு முதுகைக் காட்டியபடி இடியப்பம் சாப்பிடுவார். எல்லோரும் உள்ளே போனதும் இறங்கிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கீறல்களைப் பார்த்து நடப்பார். பொறுப்பாளர் மூன்று தரம் கத்திய பிறகுதான் வண்டி அசையும்.

அடுத்த நாள் தேநீர்க் கடையில் அறிக்கை வரும். "பதினேழாம் நம்பருக்கு வலது முழங்கால் சரியில்லை, மாஸ்ரர். மறைக்கிறான்." அடுத்த கிழமை பதினேழாம் நம்பர் ஊன்றுகோலோடு நிற்பான். அவருடைய தீர்ப்புகளில் முப்பத்தொன்றைக் கொப்பியில் குறித்து வைத்தேன். இருபத்தெட்டு சரி. மிச்சம் மூன்றிலும் நான்தான் நம்பரைப் பிழையாக எழுதியிருப்பேன் என்றார்.

அந்த அரங்குக் குழுவில், கூசேன்வில் என்ற புறநகரிலிருந்து எங்கள் பெடியன் ஒருவன் சேர்ந்தான். வயது இருபத்திரண்டு. சம்பளத்துக்கு ஐஸ் ஹொக்கி விளையாடும் தமிழ்ப் பெடியன், நான் அறிந்தவரை, அவன் ஒருவன்தான். எங்கள் தெருப் புடவைக்கடைக்காரரின் மகளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: சம்பந்தம் முடிக்க முதல், மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தில் யாரையாவது பிடித்து விசாரிப்பது. அங்கே பிடிப்பதற்கு இருந்த ஒரே தமிழர் ஐஸ் அண்ணை.

"அண்ணை, பெடியன் எப்பிடி?" என்று கடைக்காரர் தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேட்டார்.

"பின்பக்கமாய் ஓடேக்கை இடப்பக்கம் நம்பிக்கையில்லை."

"அதில்லை அண்ணை. குடிவகை ஏதும்?"

"தெரியாது. வட்டு வரேக்கை அந்தரப்படுறான். ஆனால் பயமில்லை."

"செதேஇ இருக்கோ?" நிரந்தர வேலை ஒப்பந்தத்தைத்தான் அப்படிக் கேட்டார். அது இல்லாதவனுக்கு இங்கே வாடகைக்கு வீடே கிடைக்காது. பெண் எப்படிக் கிடைக்கும்?

"ஒரு வருசத்துக்குத்தான் கையெழுத்து. அதுக்குப் பிறகு வைச்சிருப்பினமோ எண்டது அவன்ரை ஆட்டத்திலை கிடக்கு. ஆட்டம் இன்னும் காணாது."

கடைக்காரரின் முகம் வாடியது. மேசைக்குக் கீழே அண்ணையின் காலை இரண்டு தரம் மிதித்தேன்.

"ஏன் மாஸ்ரர் மிதிக்கிறியள்?" என்று கடை முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டார்.

கடைக்காரர் போனதும் கெஞ்சினேன். "ரெண்டு பிள்ளையளின்ரை வாழ்க்கை, அண்ணை. நல்லாய் விளையாடுறான் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன?"

"பெயிலான பிள்ளைக்கு நீங்கள் புள்ளி போட்டனீங்களோ?"

போட்டிருக்கிறேன். நான்கு தரம். அதை அவரிடம் சொல்லவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நேரிலை காட்டுறன்" என்றார்.

கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டியது அதுதான் முதல் தரம். நான் எண்ணினேன். பெடியன் ஒன்பது தரம் விழுந்தான். கோல் ஒன்றுமில்லை. ஏழாவது விழுகையோடு கடைக்காரர், "மகளுக்கு என்னண்டு சொல்லுவன்?" என்று தலையில் கைவைத்துவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் அண்ணை எங்களைப் பனிக்கட்டியில் இறக்கினார். நாங்கள் வாத்துப்போல நடந்தோம்.

"இது எல்லாம் ஒரே கீறல்தானே" என்றார் கடைக்காரர்.

"நூறு மாட்டுக்குள்ளை தன்ரை மாட்டின்ரை அடி தெரியாதோ? இஞ்சை பாருங்கோ, பெடியன் விழுந்த இடம்." குனிந்து விரலால் காட்டினார். "மற்றவங்கள் விழுந்தால், எழும்பி ஒருக்கால் வெளிக்கதவுப் பக்கம் வளைவாங்கள். மூச்சு வாங்க, வெக்கத்தை மறைக்க. இவன்ரை கோடு விழுந்த இடத்திலையிருந்து நேரை வட்டுக்குத்தான் போகுது."

கடைசிப் பகுதியில் விழுந்தவை நான்கு. முந்திய ஐந்தையும் இடைவேளைகளில் வண்டி அழித்துவிட்டது. நான்கையும் பார்த்தேன். நான்கும் நேர்.

"இண்டைக்கு இவன் நல்ல ஆட்டக்காரன் இல்லை. ரெண்டு மூண்டு வருசத்திலை வருவான்."

"அப்ப பெட்டையைக் குடுக்கலாமோ?"

"அது ஐஸிலை எழுதேல்லை."

இந்தப் பதிலைத் தாங்கமாட்டாமல் கடைக்காரர் சடாரென்று திரும்பினார். சப்பாத்து வழுக்க மல்லாந்து விழுந்தார். எங்கிருந்தோ பெடியன் சறுக்கி வந்து, "சா வா, மாமா?" என்று பிரெஞ்சில் சுகம் கேட்டு, ஒரு கையால் அவரைத் தூக்கி நிறுத்தினான். பிறகு கதவு வரை, அவருடைய குட்டி எட்டுக்குத் தன் கால்களை அடக்கிக்கொண்டு, மெல்ல மெல்லக் கூட்டிப்போனான். நாற்பத்திரண்டு எட்டு. கதவைத் தாண்டிய பிறகும் கடைக்காரர் அவன் கையை விடவில்லை.

அண்ணை வண்டியில் ஏறினார். அந்த இருவர் போன தடத்தை மட்டும் அழிக்காமல் சுற்றிச் சுற்றி ஓட்டினார். பொறுப்பாளர் ஐந்து தரம் கத்தினார்.

கலியாணம் எபினேயில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அடுத்த வருடம் பெடியனை மலைப்பக்கத்துக் குழு ஒன்று எடுத்துக்கொண்டது. அந்த அரங்குக்கும் ஓட்டுநர் தேவைப்பட, அவன் அண்ணையையும் அழைத்தான். "அங்கை ஐஸ் நல்லதாம்" என்று சொல்லிவிட்டு ஒரே பெட்டியோடு போய்விட்டார். தேநீர்க் கடையில் நான் யாரோடும் பேசாமல் பதினாறு நாள் கோபமாக இருந்தேன்.

இரண்டாம் பனிக்காலத்தில் தொலைபேசி வந்தது.

"மாஸ்ரர், பெடியன் தேறீட்டான். இடப்பக்கக் கோடு நூல் பிடிச்சமாதிரிப் போகுது."

"எத்தினை கோல் அடிச்சவன்?"

"நான் எங்கை பாத்தன்? நீங்கள் வந்து எண்ணுங்கோ. இஞ்சை எண்ண ஆளில்லை."

வாறன் என்றேன். ரயில் இரண்டு இடத்தில் மாற வேண்டும், எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, அடுத்த முறை பார்ப்போம் என்று இருந்துவிட்டேன். ஒவ்வொரு பனிக்காலமும் முதல் ஆட்டம் முடிந்ததும் அழைத்து, எப்ப வாறியள் என்று கேட்பார். ஆறு தரம் கேட்டுவிட்டார். இந்த முறை ஆட்டங்கள் தொடங்கி மாதக்கணக்காகி, தை பிறந்தும் அழைப்பு வரவில்லை. குளிக்கப் போகும்போதும் தொலைபேசியைக் கையோடு கொண்டுபோகிறேன்.