கட்டிலுக்கு அடியில் டைல்ஸ் எதற்கு?

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் மாப்பிள்ளை வணங்கி எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கையும் சௌக்கியம். புது வீட்டுத் தரை மட்டும் சௌக்கியமில்லை. அங்கு அக்காவும் பிள்ளைகளும் நலம்தானே? சரி, நலம் விசாரித்தாயிற்று. இனி உட்கார்ந்து படியுங்கள்.

டைல்ஸுக்கென்று நான் ஒரு தொகை ஒதுக்கி வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். அதில் டைல்ஸின் விலை மட்டும்தான் இருந்தது என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. கடையில், குனிந்தால் முகம் தெரிகிற பளபளப்பு டைல்ஸைக் காட்டினார்கள். "வழுக்குமேங்க" என்றாள் உங்கள் தங்கை. "நடக்கத் தெரியாதவங்களுக்குத்தான் வழுக்கும்" என்று சொல்லி வாங்கிவிட்டேன். அப்புறம் ஒட்டுகிற பசை, லாரியிலிருந்து இறக்குகிற கூலி, சுவரோரப் பட்டி, வெட்டும்போது உடைகிறவை என்று மேஸ்திரி தினமும் வந்து புதிதாக ஒரு செலவைச் சொன்னார், நானும் தினமும் "இதை மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன், அவரும் தினமும் "நீங்க கேக்கலியே சார்" என்றார். ஹால் முடிவதற்குள் பணம் முக்கால்வாசி கரைந்துவிட்டது. படுக்கையறை பாக்கி. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் செய்து கொடுத்த கட்டில் இருக்கிறதே, கழற்றவே முடியாமல் ஒரே கட்டாகச் செய்த கட்டில், அதற்கு அடியில் போய் டைல்ஸை யார் பார்க்கப் போகிறார்கள்?

கட்டிலை நானே அளந்தேன். உள்சுவரோரம் சுண்ணாம்புக்கட்டியால் நானே கோடு போட்டேன். மேஸ்திரி ஒரு நிமிஷம் கோட்டையும் என்னையும் பார்த்தார்.

"கட்டில் அப்புறம் நகராதுல்ல சார்?"

"அது எங்க மச்சான் செஞ்ச கட்டில். நாலு பேர் வந்தாலும் நகராது."

அறை முழுக்கப் பளபளவென்று டைல்ஸ், உள்சுவரோரம் கட்டில் அளவுக்கு மட்டும் வெறும் சிமெண்ட். மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அதுதான் கடைசித் தூக்கம்.

மறுநாள் வாடகை வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டே உங்கள் தங்கை சொல்கிறாள்: "புது வீட்டுல கட்டிலை ஜன்னலோரமாப் போட்டுடணுங்க. இத்தனை வருஷமா இந்தச் செவத்தையே பாத்துக்கிட்டுப் படுத்தாச்சு. கொஞ்சம் காத்து மேல படட்டும்." புது வீட்டில் அவள் ஆசையாகக் கேட்டது இது ஒன்றுதான் மச்சான். கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டால் என் சாமர்த்தியம் உள்சுவரோரம் பல்லைக் காட்டும். போடவில்லை என்றால் அவள் முகம் வாடும், அதை என்னால் பார்க்க முடியாது. சாப்பாடு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. பசை காயணும், உள்ளே கால் வைக்காதே என்று சொல்லி அவளை இதுவரை அந்த அறைக்குள் விடவில்லை. நாளை மறுநாள் லாரி வருகிறது. ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, ஜன்னல் காற்று கழுத்துக்கு ஆகாது, பிடித்துக்கொள்ளும் என்று தற்செயலாகச் சொல்வதுபோல் சொல்லவேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, முக்கியமாகக் கணக்கு நன்றாகப் படித்து, நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
நிலைகொள்ளாமல் தவிக்கும்
தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: இதைக் கூரியரில் சேர்ப்பதற்குள் லாரிக்காரர் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். வாசலில் இரட்டைக் கதவு என்பதால் கட்டில் ஹால் வரை வந்தது. படுக்கையறைக்குள் நுழையவில்லை. படுக்க வைத்தும் நிமிர்த்தியும் சாய்த்தும் பார்த்தாயிற்று. நான் கட்டிலைத்தான் அளந்தேன், கதவை அளக்கவில்லை. என்ன தடுக்கிறது என்று உங்கள் தங்கை உள்ளே எட்டிப் பார்த்தாள். சிமெண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "கட்டிலை ஹால் ஜன்னலோரமாவே போட்டுடுங்கப்பா" என்று ஆட்களிடம் சொன்னாள். இப்போது காற்று வாங்கியபடி படுத்திருக்கிறாள், முகமெல்லாம் சிரிப்பு. என்னிடம் ஒரு பாயைக் கொடுத்து, "மிச்சம் புடிச்சது நீங்கதானே, அங்கயே போய்ப் படுத்துக்கோங்க" என்றாள். ஆகவே கழுத்து விஷயம் எதுவும் பேசவேண்டாம். படுத்தும் பார்த்துவிட்டேன் மச்சான். தலையோ காலோ ஒரு விரற்கடைகூட டைல்ஸில் படவில்லை. அளவில் நான் தப்பே செய்யவில்லை.