கர்னலுக்குக் கவாத்து

"இனி இந்த ஊட்ல ஒண்ணு உண்ணி இருக்கோணும், இல்லாட்டி நான் இருக்கோணும்!"

திங்கட்கிழமை காலையில், காபிகூடக் குடிக்காமல், குமாரசாமி இப்படிச் சபதம் செய்தார்.

அவர் மனைவி அம்சவேணி பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

"உண்ணிக்கு வேற போக்கிடம் இல்லீங்க. நீங்கன்னா காரமடையில உங்க அக்கா ஊட்டுக்குப் போலாம்."

வேறொரு நாளாக இருந்தால் குமாரசாமி இதோடு அடங்கிப்போய்க் காபியைக் கேட்டிருப்பார். அன்றைக்கு முடியவில்லை. சனிக்கிழமை பட்ட அவமானம் அப்படி.

அவர் குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கண்டக்டர். டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர் அல்ல. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கண்டக்டர். அதிலும் தேயிலை இலையில் சாறு உறிஞ்சும் ரெட் ஸ்பைடர் என்ற பூச்சிக்கு அவர்தான் எமன். சனிக்கிழமை மேனேஜர் பங்களாவில் கூட்டம். கோயம்புத்தூரிலிருந்து கம்பெனி ஆட்கள் வந்திருந்தார்கள். குமாரசாமி எழுந்து, மேஜையில் இரு கைகளையும் ஊன்றி, "நம்ம டிவிஷனில் பூச்சி என்று ஒன்றுகூட உயிரோடு இல்லை" என்று முழங்கினார். அப்போதுதான் அவருடைய சட்டைக் காலருக்குள்ளிருந்து ஒரு உண்ணி புறப்பட்டது. அவசரமே இல்லை அதற்கு. தோளில் ஏறி, கைவழியாக இறங்கி, வெள்ளை மேஜைவிரிப்பில் நடந்து, கம்பெனிக்காரரின் பிஸ்கட் தட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது.

"குமாரசாமி, இது ஒண்ணு உயிரோட இருக்கே?" என்றார் மேனேஜர்.

எல்லாவற்றுக்கும் காரணம் கர்னல். வெலிங்டனில் இருந்த ஒரு ராணுவக்காரர் மாற்றலாகிப் போகும்போது அம்சவேணியிடம் விட்டுப்போன சடை நாய். அதற்கு முகம் எந்தப் பக்கம் என்பது பிஸ்கட்டைக் காட்டினால்தான் தெரியும். அம்சவேணி கர்னலை 'அவர்' என்பாள். கட்டிய புருஷனுக்குக் கொடுக்கும் மரியாதையில் ஒரு குறைவும் நாய்க்கு வைக்கமாட்டாள். சில நாள் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

கர்னலால் குமாரசாமிக்கு ஒரு பயமும் உண்டு. அந்தக் குவார்ட்டர்ஸில் படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் விறகடுப்பு, இந்தப் பக்கம் கட்டில். மார்கழி உறைபனியில் மலையே விறைத்துக் கிடக்கும்போது அந்தச் சுவர் மட்டும் இளஞ்சூடாக இருக்கும். கட்டிலில் சுவரோர இடம் கல்யாணமான நாள் முதல் குமாரசாமிக்குச் சொந்தம். வேறு எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவார், சுவரோரத்தை மட்டும் விடமாட்டார். கர்னலோ ராத்திரி கால்மாட்டில் படுக்கும், விடியும்போது அவர் இடுப்புவரை முன்னேறியிருக்கும். ராணுவத்தில் வளர்ந்த நாய் அல்லவா?

இந்த உண்ணியைச் சாக்கிட்டு நாயை வெளியேற்றிவிடலாம் என்று குமாரசாமிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு லோயிஸ் டீச்சர் கிண்ணத்தோடு உறைமோர் வாங்க வந்தார். ஆள் கிடைத்ததும் குமாரசாமியின் குரல் இன்னும் உயர்ந்தது.

"உண்ணி இருக்கற வரைக்கும் நாய் வெறகுக் கொட்டாயிலதான் படுக்கோணும்! சொல்லிப்போட்டேன்!"

"உண்ணி போயிருச்சுன்னா என்னங்க பண்றது?" என்றாள் அம்சவேணி.

"போகாது!"

"போயிருச்சுன்னா?"

"போச்சுன்னா என்ற எடத்துலயே படுத்துக்கட்டும் புள்ள! செவுத்தோரம்! டீச்சர், நீங்கதான் சாட்சி!"

"நான் உறைமோருக்குத்தான் வந்தேனுங்கண்ணா," என்றார் டீச்சர். "இருந்தாலும் கேட்டுக்கிட்டேன்."

டீச்சர் சும்மா போயிருக்கலாம். போகவில்லை. "இதுக்கு ஏனுங்கண்ணா சண்டை? குன்னூர்ல கால்நடை டாக்டர்கிட்டக் காட்டுங்க. கழுத்துல கட்டற பட்டை இருக்குது, பெடரியில உடற சொட்டு மருந்து இருக்குது, மாத்திரை இருக்குது. நாயோட எடையப் பாத்து எது சரின்னு அவரே சொல்லிருவாரு."

குமாரசாமி சிரித்தார். விவரம் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

"பட்டையா? கழுத்துக்குப் பட்டை கட்டுனா உண்ணி வாலுக்குக் குடி போயிரும். வாலுக்கு யாருங்க பட்டை கட்டறது?"

"சரி, சொட்டு மருந்து?"

"சொட்டா! நான் ஏக்கர் ஏக்கரா டிரம் டிரம்மா மருந்து அடிக்கற ஆளு டீச்சர்! சொட்டுன்னு என்ற காதுல உழுந்தாலே கேவலம்!"

"மாத்திரைங்கண்ணா?"

"உண்ணி இருக்கறது நாய்க்கு வெளியில. மாத்திரை போறது நாய்க்கு உள்ள. அது ரெண்டும் எங்கீங்க சந்திச்சுக்கும்?"

டீச்சருக்கு இதற்குப் பதில் இருந்தது. ரத்தத்தில் மருந்து கலக்கும், அதைக் குடிக்கிற உண்ணி சாகும் என்று ஆரம்பித்தார். அம்சவேணி அவர் கையை மெல்ல அழுத்தினாள். டீச்சர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப தோட்டத்து மருந்தைக் கொண்டாந்து அவர் மேல அடிக்கப் போறீங்களா?" என்றாள் அம்சவேணி.

"அந்த விசத்தையா? டேஞ்சர்னு பலகை நடறவனே நான்தான் புள்ள! உண்ணிக்கு முன்னால நாய் போயிரும். மருந்தே வேண்டாம். கவாத்து!"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேயிலைச் செடி முற்றிப்போனால் கிளைகளை ஒட்ட வெட்டி மொட்டையாக்குவதற்குத்தான் கவாத்து என்று பெயர். நாய்க்குக் கவாத்து என்று அந்த மலையில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

குமாரசாமி உடனே ஆபீசுக்குப் போன் போட்டு ஒரு வாரம் லீவு சொன்னார். இது பெரிய விஷயம். ஏனென்றால் மார்கழியில் அவர் லீவே எடுப்பதில்லை. பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் பண்ண வேண்டும் என்று அம்சவேணி வாயைத் திறக்கும்போதெல்லாம், அவர் இல்லாவிட்டால் அன்றைக்குத் தோட்டமே நின்றுவிடும். வருஷா வருஷம் இப்படித்தான் தப்பித்து வந்தார். இந்த வருஷம் தானாகவே லீவு போட்டதை அவர் கவனிக்கவில்லை. அம்சவேணி கவனித்தாள்.

"நீங்க கத்திரிக்கோலுக்குச் சாணை புடிங்க. டீச்சரூட்டு ஜீப் குன்னூர் போகுதாமா, நான் போயி ஆட்டு ஈரல் வாங்கிட்டு வந்தர்றேன்," என்றாள். "கர்னலையும் கூட்டிட்டுப் போறேன். முடி இருக்கறப்பவே ஒருக்கா ஊரைப் பாத்துக்கட்டும்."

அன்று சாயங்காலம் கர்னல் விறகுக் கொட்டாய் வாசலில் ஈரல் தின்றது. நன்றாகவே தின்றது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, தோட்டத்தில் ஆட்களுக்குச் சொல்வதுபோல, குமாரசாமி முற்றத்தில் நின்று வேலையைப் பிரித்தார். தலை ஒண்ணாம் நம்பர் காடு. முதுகு ரெண்டாம் நம்பர். வயிறு சரிவான நிலம், பார்த்து இறங்க வேண்டும். காதுக்குப் பின்னால் ஓடைக்கரை, பூச்சி முதலில் சேருகிற இடம். கத்திரிக்கோல் பாடியது. சடை குவிந்தது. உச்சி வெயிலுக்குக் கர்னல் பாதி நாயாகிவிட்டது. மீதிக்கு வேப்பெண்ணெய் பூசினார். நாய் ஒரு உதறு உதறியதில் குமாரசாமிக்கும் பூசி முடிந்தது.

புதன்கிழமை அவர் கூவிய கூவல் எதிர்மலையில் கேட்டது.

"புள்ள! ஓடி வா! உண்ணி செத்துக் கெடக்குது! காலைத் தூக்கிட்டுக் கெடக்குது!"

உண்மைதான். கொட்டாய்த் தரையில் உண்ணிகள் உதிர்ந்து கிடந்தன. குமாரசாமிக்குத் தலைகால் புரியவில்லை. சுவரோரமாவது, சபதமாவது, எல்லாம் மறந்துபோயிற்று. பூச்சியை ஒழிக்கிற ஆளுக்கு ஒழிக்கிற வெறி வந்துவிட்டால் வேறு என்ன ஞாபகம் இருக்கும்?

அம்சவேணி குனிந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"நாய் மேல போயிருச்சுங்க. ஆனா டாக்டர் டீச்சர்கிட்டப் போன்ல சொன்னாருங்களாமா, உண்ணி நாய் மேல இருக்கறதைவிட ஊட்டுக்குள்ளதான் நெறைய இருக்குமாமா. செவுத்து வெடிப்புல முட்டை போடுமாமா."

"அப்படியா?"

"ஆனா அதை நீங்க தொட வேண்டாமுன்னாருங்க. கொத்தனார் வெக்கோணுமாமா. கண்டக்டருங்களாலெல்லாம் ஆகாதுன்னு..."

"யாருக்கு ஆகாது?"

மத்தியானம் சிமெண்ட் வந்தது. படுக்கையறை, சமையலறை, இரண்டிலும் ஒரு வெடிப்பு மிச்சமில்லை. முன்னறை ஜன்னலுக்குப் போகும்போது சிமெண்ட் தீர்ந்துவிட்டது. பரவாயில்லை, அது யாரும் படுக்காத இடம் என்று விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை, "மெத்தையை வெயில்ல போடறது வீண் வேலைன்னாருங்க டாக்டர்," என்றாள் அம்சவேணி. வீட்டிலிருந்த மெத்தை, தலையணை, கம்பளி, கல்யாணத்துக்கு வந்த ஜமக்காளம் எல்லாம் வேலியில் ஏறின. வெந்நீரில் துவைக்கக்கூடியதையெல்லாம் குமாரசாமியே துவைத்தார்.

வெள்ளிக்கிழமை, "பரண் மேல ஏற வேண்டாமுங்க, உங்களுக்கு இடுப்பு புடிச்சுக்கும்," என்றாள். அடுத்த நிமிடம் குமாரசாமி பரண் மேல் இருந்தார். பழைய பிரம்புக்கூடை, உடைந்த நாற்காலி, ஓட்டைக் குடங்கள் எல்லாம் இறங்கின. "ஒளிய எடம் குடுக்கக் கூடாது! எதிரிக்கு எடம் குடுக்கக் கூடாது!" என்று தூசிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

சனிக்கிழமை அவள் ஒன்றுமே சொல்லவில்லை. சுண்ணாம்பு வாளியை வழியில் வைத்துவிட்டு, அதைப் பார்த்து நின்றாள். அவ்வளவுதான். சாயங்காலம் வீடு பளபளவென்று இருந்தது. குமாரசாமியும் வெள்ளையாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பரிசோதனை. லோயிஸ் டீச்சர் மடியில் வெள்ளைத் துணியை விரித்து, கர்னலைப் படுக்கவைத்து, சின்னச் சீப்பால் காது முதல் வால் வரை வாரினார். விரலிடுக்கையெல்லாம் பிரித்துப் பார்த்தார். குமாரசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுகூட இல்லீங்கண்ணா!"

"இல்லையா? நல்லாப் பாருங்க!"

"சத்தியமா இல்லீங்கண்ணா!"

"பாத்தியா புள்ள! பாத்தியா! பட்டையாமா, சொட்டாமா! மேனேஜரைக் கூப்புடு! கம்பெனிக்காரனைக் கூப்புடு! இந்த ஊட்ல உண்ணின்னு ஒண்ணு இல்லை!" அவர் முற்றத்தைச் சுற்றி ஒரு ஓட்டமே ஓடினார். எண்ணெய் வடிந்த அந்தப் பாதி நாயும் கூடவே ஓடியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

மத்தியானம் டீச்சருக்கும் அங்கேயே சாப்பாடு. ஆட்டுக்கறிக் குழம்பை ஒரு கை பார்த்துவிட்டு, குமாரசாமி தூங்கப் போனார். குழம்பு கொதித்த அடுப்பு இன்னும் கனன்றுகொண்டிருந்தது. சுவர் இந்நேரம் நல்ல பதத்தில் இருக்கும். வாரம் முழுக்க உழைத்த முதுகு அந்தச் சுவரை நினைத்து ஏங்கியது.

சுவரோரத்தில் ஆள் இருந்தது. அவருடைய குரங்குக் குல்லாவைப் போட்டுக்கொண்டு, அவருடைய ஸ்வெட்டருக்குள் புகுந்துகொண்டு, முதுகைச் சுவரில் ஒட்டியபடி கர்னல் குறட்டை விட்டது.

"புள்ள! இதென்ன அநியாயம்!"

"மெதுவாப் பேசுங்க, அவர் தூங்கறாருங்க," என்றபடி அம்சவேணி வந்தாள். "நீங்கதானுங்க சொன்னீங்க. உண்ணி போச்சுன்னா என்ற எடத்துலயே படுத்துக்கட்டும்னு. டீச்சர்கூட இருந்தாங்க."

"உறைமோருக்குத்தான் வந்தேன், ஆனா கேட்டேனுங்கண்ணா," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"அது... அது ஒரு பேச்சுக்குச் சொன்னது!"

"இருக்கட்டுமுங்க. ஆனா கவாத்துப் பண்ணி உட்டுட்டீங்களே. இந்தக் குளிருக்கு அவர் வேற எங்கீங்க போவாரு? முடி மொளைக்கற வரைக்கும்தான்."

"எப்ப மொளைக்கும்?"

"நீங்கதானுங்க வெட்டுனீங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

முன்னறையில் அவருக்குப் படுக்கை தயாராக இருந்தது. நன்றாக வெயில் காய்ந்த மெத்தை. பூசாமல் விட்ட ஜன்னல் வெடிப்பு நேராக அவர் கழுத்துக்கு வந்தது. அதன் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்து விசாரித்தது. குமாரசாமி கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டார். போகட்டும். இடம் போனாலும் பேர் இருக்கிறது. உண்ணியை ஒழித்த பேர்.

டீச்சர் புறப்படும்போது வாசலில் நின்று தம் வீட்டு நாயைப் பற்றிக் கேட்டார். "எங்க ரோஸிக்கும் ரெண்டு உண்ணி தெரியுது அம்சா. பட்டையா, சொட்டா, மாத்திரையா? எது சீக்கிரம் கேக்கும்?"

குமாரசாமி சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "வேப்பெண்ணெய் டீச்சர்! மொதல்ல கவாத்து, அப்பறம்..."

"டாக்டர்கிட்ட ரோஸியைத் தூக்கிட்டுப் போங்க டீச்சர்," என்றாள் அம்சவேணி. "எடை போட்டு மாத்திரை குடுப்பாரு. கர்னலுக்குத் திங்கக்கெழமையே ஈரலுக்குள்ள வெச்சுக் குடுத்துட்டனுங்களே, ரெண்டே நாள்ல பொலபொலன்னு கொட்டிருச்சு."

குமாரசாமி மறுபடி படுத்து, கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டார். பிறகு கம்பளிக்குள்ளிருந்து மெலிந்த குரலில் ஒரு கேள்வி வந்தது.

"அப்ப... வெடிப்புப் பூசுனது, மெத்தை காயப்போட்டது, பரண், சுண்ணாம்பு... இந்த வாரம் பூரா நான் பண்ணுனதெல்லாம்?"

"அது பொங்கலுக்குங்க."