பெரியம்மாவின் கன்னக்குழியும் யாரிது மாமாவும்

கடலூர் மாவட்டத்தில் யாருக்கு யார் கொள்ளுத்தாத்தா என்று அந்தக் கடவுளுக்கே ஒரு நாள் சந்தேகம் வந்துவிட்டால், அவரும் சிதம்பரம் பஸ் ஏறி வந்து யாரிது மாமாவைத்தான் கேட்க வேண்டும். மாமாவும் லேசில் பதில் சொல்லிவிட மாட்டார். கடவுளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது இருக்கட்டும், ஒங்க சின்ன வயசு போட்டோ ஏதாவது இருக்கா?" என்பார்.

அவருக்கும் நல்ல பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சுவரில் தொங்கும் படத்தைக் காட்டி "யாரிது?" என்பார். தண்ணீர் கொடுத்தால் குடித்து முடித்துவிட்டு, அடுத்த படத்தைக் காட்டி "யாரிது?" என்பார். ஒரு கல்யாணத்தில் மேடையேறிப் பரிசைக் கொடுத்தவர், வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளையைக் காட்டிப் பெண்ணிடம் "யாரிது?" என்று கேட்டுவிட்டார். உறவு முறை கேட்டாராம். பெண் வீட்டார் இன்னும் அதை மறக்கவில்லை.

அவர் என் அம்மாவின் பெரியப்பா மகன். அம்மாவைவிட ஏழு வயது மூத்தவர். எனக்கு மாமா. கரண்ட் ஆபீசில் வேலை பார்த்து, ரிட்டயர் ஆகும்வரை வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவர். அந்தக் காலத்து வீடுகளில் மீட்டர் பெட்டி கூடத்தில் இருக்கும். பக்கத்திலேயே முன்னோர்கள் வரிசையாகத் தொங்குவார்கள். மாமா மீட்டரை ஒரு தடவை பார்த்தால் முன்னோர்களைப் பத்துத் தடவை பார்ப்பார். ரிட்டயர் ஆனதும் மற்றவர்கள் வாக்கிங் போனார்கள். மாமா எங்கள் வம்சத்தின் படங்களையெல்லாம் ஒன்று சேர்க்கக் கிளம்பினார்.

எந்த வீட்டுப் படத்தையும் அவர் வெளியே எடுத்துப் போக மாட்டார். "இரவல் போன படம் திரும்பி வராது. அது இருக்கற வீட்டுலயே இருக்கட்டும்" என்பது அவர் வைத்துக்கொண்ட சட்டம். படத்தை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடியில் வெயில் பளிச்சிடாமல் இருக்க ஒரு வெள்ளை வேட்டியைத் தன் தலையோடு சேர்த்துப் படத்தின்மேல் போர்த்திக்கொள்வார். அந்தக் கூடாரத்துக்குள்ளிருந்து போனில் படம் எடுப்பார். கடலூர் முதுநகரில் ஒரு வீட்டு வாசலில் அவர் இப்படி மூடிக்கொண்டு, "யாரிது? சொல்லு, யாரிது?" என்று உள்ளிருந்து அதட்டிக்கொண்டிருந்தபோது, தெருவில் போன ஒரு அம்மாள் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து குறி கேட்க நின்றுவிட்டாள். மாமா வெளியே வந்ததும் அவளையும் விடவில்லை. அவள் வீட்டில் பழைய படம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் அனுப்பினார்.

படத்தின் பின்பக்கம் பெயர், உறவு, ஊர் மூன்றையும் எழுதுவார். பென்சிலால் மட்டும்தான். யாராவது பேனாவை எடுத்தால் போச்சு. "பேனாவால அழுத்துனா அந்தாண்ட மூஞ்சில தழும்பு வுழும். பெத்தவங்க மூஞ்சில கோடு போடுவியா நீ?"

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு கோட்டு விவகாரம். எங்கள் வம்சத்தில் ஒரு கிளை கிறிஸ்தவர்கள், கடலூரில் இருக்கிறார்கள். இன்னொரு கிளை புவனகிரியில், வயலும் வாய்க்காலுமாக. இரண்டு வீட்டிலும் மூத்தவர் படம் கோட்டுப் போட்டபடி கம்பீரமாக இருக்கும். மாமா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"ரெண்டும் ஒரே கோட்டும்மா! மூணாவது பட்டன் ரெண்டுலயும் இல்ல. தலைதான் வேற. ஸ்டூடியோக்காரன் ஒரே ஒடம்புல தலைய மாத்தி மாத்தி ஒட்டியிருக்கான். இவருக்குக் கையில பைபிள் வரைஞ்சிருக்கான், அவருக்கு நெத்தியில விபூதி. நம்ம ஆளுங்க எவனும் ஜென்மத்துல கோட்டுப் போட்டதில்ல!"

இதைச் சொல்ல அவர் தேர்ந்தெடுத்த நேரம், என் ஆபீசில் ஆடிட் நடந்துகொண்டிருந்த நேரம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு "சரி மாமா" என்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதெல்லாம் அவர் பெயரைப் போனில் பார்த்தாலே எனக்குத் தலைவலி வரும். செத்துப்போனவர்களின் காது பெரிதா சின்னதா என்று தெரிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு ஆக வேண்டியிருந்தது. அம்மாவுக்கு ஒரே ஒரு அக்கா. காடாம்புலியூரில் கட்டிக்கொடுத்தார்கள். முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள். அப்போது அம்மாவுக்குப் பதினோரு வயது. தகவல் இங்கே வந்து சேர்வதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டதாம். முகத்தைக் கூடப் பார்க்க விடவில்லை என்று இரண்டு வீட்டுக்கும் சண்டையாகி, நல்லது கெட்டது எதுவும் கிடையாது என்று பேச்சு முறிந்தது. பெரியம்மாவின் படம் என்று எங்கள் வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. கடலூரில் வெள்ளம் வீட்டுக்குள் வந்த வருஷம் அது கண்ணாடியோடு ஒட்டிப்போனது. மாமா ஒரு வாரம் உட்கார்ந்து பிரித்தும் புடவைக் கரைதான் மிஞ்சியது.

"வருசம் ஆவ ஆவ மூஞ்சி கலையுதுடி" என்றாள் அம்மா ஒரு நாள் என்னிடம். "சிரிச்சா ஒரு கன்னத்துல குழி வுழும் அக்காவுக்கு. எந்தக் கன்னம்னே மறந்துபோச்சி. அத மறந்தவ என்னா தங்கச்சி?"

காடாம்புலியூரில் கல்யாண போட்டோ இருக்க வேண்டும் என்று மாமாவுக்குத் தெரியும். இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் கேட்டுக்கு வெளியே நின்று பலாமரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அந்த நிலையில்தான் மாமா குடும்பச் சங்கமம் ஒன்று நடத்தத் தீர்மானித்து, 'பழைய படங்களோடு வருக' என்று சிதம்பரத்தில் ஒரு ஃபிளெக்ஸ் வைக்க நினைத்தார். அழைப்பவர் என்ற முறையில் தன் படத்தைக் கடையில் கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கீழே போட, கடலூர், சிதம்பரம், புவனகிரி, காடாம்புலியூர் உறவினர்களின் பட்டியல். மேலே போட வேண்டிய வாசகத்தைப் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார், பிறகு சொல்ல மறந்துவிட்டார். கறுப்பு வெள்ளையில் ஒரு மனிதர், கீழே நான்கு ஊர் சொந்தக்காரர்கள். நம் ஊரில் எந்த ஃபிளெக்ஸ் கடைக்காரருக்கும் இதற்கு வேறு அர்த்தம் தோன்றாது. மறுநாள் விடியும்போது தெருமுனையில் மாமா இரண்டு குத்துவிளக்குகளுக்கு நடுவே, தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு பெரிய கண், கண்ணீர் விட்டது. 'கண்ணீர் அஞ்சலி.'

பால் வாங்கத் தெருமுனைக்குப் போன மாமாவைப் பார்த்துப் பால்காரர் கேனைக் கீழே போட்டார். அதற்குள் யாரோ ஃபிளெக்ஸைப் போனில் எடுத்து அனுப்ப, விஷயம் நான்கு ஊருக்கும் போய்விட்டது.

அத்தை ஆடித் தீர்த்துவிட்டாள். "நான் பொட்டு வெச்சிக்கினு காய் வாங்கப் போனா ஊரே என்னை மொறைக்குது! இப்பவே போயி அதக் கழட்டுங்க!"

மாமா அசையவில்லை. "இருடி. ரெண்டு நாள் தொங்கட்டும். நல்லதுக்குக் கூப்புட்டாதான் வருவாங்க, கெட்டதுக்குக் காதுல வுழுந்தாலே வருவாங்க. போன் பண்ணிப் பண்ணி வராதவன்லாம் இப்ப வருவான் பாரு."

வந்தார்கள். மாமா வாசலில் நாற்காலி போட்டு, நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்துகொண்டார். மாலையோடு இறங்கிய புவனகிரி ஆளிடம், "வாய்யா வா. மாலைய அந்தாண்ட வெச்சிட்டு உக்காரு. ஒங்கப்பா மிலிட்டரி டிரெஸ்ல எடுத்த படம் யாராண்ட இருக்கு?" என்றார். தெருமுனையிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்ட ஒரு கிழவிக்கு, ஆளை நேரில் பார்த்த பிறகும் நடுவில் நிறுத்த மனம் வரவில்லை. முழுவதையும் பாடி முடித்தாள். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருந்திச்சி. எங்கம்மா ஊரத்தான் தப்பாச் சொல்லிட்ட" என்று திருத்தினார்.

உயிரோடு இருப்பவரை நேரில் பார்த்துத் திட்டினால்தான் ஆறும் என்று அம்மா பிடிவாதம் பிடிக்க, நானும் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு கடலூரிலிருந்து போயிருந்தேன். அம்மா திட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. தடியை ஊன்றிக்கொண்டு, கையில் ரோஜா மாலையோடு, ரொம்ப வயதான ஒருவர் இறங்கினார். அம்மாவின் பேச்சு அப்படியே நின்றது. காடாம்புலியூர் பெரியப்பா. பெரியம்மாவைக் கட்டியவர். நான் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"மச்சான்... நீ சாவலியா?" என்றார்.

மாமா எழுந்து நின்றார். "இல்ல மச்சான். மன்னிச்சிக்குங்க." செத்துப்போகாததற்காக ஒருவர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பெரியப்பா வாசற்படியிலேயே நின்றார். "எனக்கு மாப்பிள்ளத் தோழனா நின்னவனாச்சே, கடைசியா ஒரு தடவ மொகம் பாக்கலாம்னு வந்தேன். சாவு வீடுன்னா சொல்லிக்காம போயிடலாம். சாவாத வீட்டுல என்னா பண்றதுன்னு தெரியலியே எனக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "குடிங்க மாமா."

அவர் வாங்கிக் குடித்துவிட்டு அம்மாவையே பார்த்தார். "சின்னக்குட்டியா நீ?"

அறுபது வருஷமாக அந்தப் பெயரால் அம்மாவை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அம்மா தலையை ஆட்டினாள். பிறகு, இத்தனை நாளாக மாமா கேட்டுக் கேட்டு எங்களையெல்லாம் சலிக்க வைத்த அதே கேள்வியை அம்மா கேட்டாள். "அக்கா போட்டோ இருக்கா மாமா?"

"பீரோவுல இருக்கு. யாருக்கும் காட்டறதில்ல" என்றார். சொம்பைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "நீ வந்து பாத்துக்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். இந்தத் தடவை கேட்டு திறந்தே இருந்தது. துண்டில் சுற்றி வைத்திருந்த படத்தைப் பெரியப்பாவே வாசலுக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்துக் கல்யாணப் படங்களில் எல்லோரும் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பது போல நிற்பார்கள் இல்லையா, இதிலும் அப்படித்தான். மணப்பெண் மட்டும் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் குழி.

"இந்தப் பக்கம்" என்று அம்மா தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "இந்தப் பக்கம்டி." அழுதுகொண்டே சட்டென்று சிரித்தாள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒல்லியாக நின்ற பையனை விரலால் குத்தி, "இவனாலதான்! போட்டோக்காரர் கேமராவுக்குப் பின்னால கறுப்புத் துணிக்குள்ள தலைய வுட்டாரு பாரு, இவன் சத்தமா 'உள்ள யாரிது?'ன்னு கேட்டான். அக்காவால சிரிப்ப அடக்க முடியல!"

"நானா கேட்டேன்?" என்றார் மாமா. ஊரில் எல்லோரையும் பற்றித் தெரிந்த மனிதருக்கு அது மட்டும் தெரியாமல் போயிருந்தது.

பிறகு வேட்டியைப் போர்த்திக்கொண்டு படம் எடுக்க உள்ளே போனார். வழக்கமாக ஒரு நிமிஷ வேலை. அன்றைக்கு ரொம்ப நேரம் ஆனது. வேட்டி மெல்லக் குலுங்கியது. பெரியப்பா பலாமரத்தைப் பார்த்தார். நாங்களும் பலாமரத்தைப் பார்த்தோம். வெளியே வந்தபோது மாமாவின் கண் சிவந்திருந்தது. "உள்ள புழுக்கம் ஜாஸ்தி" என்றார்.

அவர் உள்ளே இருந்தபோது நான் என் போனில் ஒரு படம் எடுத்திருந்தேன். ஒரு வெள்ளை வேட்டி, கீழே இரண்டு கால்கள், அவ்வளவுதான். அதைப் பிரின்ட் போட்டு, அடுத்த தடவை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையில் கொடுத்தேன்.

"தலையே இல்ல. யாரிது?" என்றார், பழக்கதோஷத்தில்.

"திருப்பிப் பாருங்க மாமா."

திருப்பினார். பெயர், உறவு, ஊர் என்று அவர் சொல்லிக்கொடுத்த வரிசையில்தான் எழுதியிருந்தேன். ஊருக்குக் கீழே மட்டும் ஒரு வரி கூடுதல்: 'என் அம்மாவுக்கு அவள் அக்காவைத் திருப்பிக் கொடுத்தவர்.'

மாமா அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து இரண்டு தடவை படித்தார். "பென்சில்லதான் எழுதியிருக்க. நல்லது" என்றார். பிறகு, எந்த வீட்டிலிருந்தும் ஒரு படத்தைக் கூட எடுத்துப் போகாத அந்த மனிதர், அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.