அக்காவுக்கு ஒரு சோபா

பிளாஸ்டிக் உறையைக் கழற்ற உட்கார்ந்த பிறகுதான், அது சோபாவை விட்டு வருவதாக இல்லை என்று குமரேசனுக்குத் தெரிந்தது. வீடு கட்டிக் குடிவந்தபோது வாங்கிய சோபா. ஆறு கோடை செங்கத்து வெயிலில் உறையும் தோலும் ஒன்றாகிக் கிடந்தன. மூச்சைப் பிடித்து இழுத்தார். உறையோடு சோபாவின் தோலும் ஒரு முழத்துக்கு உரிந்து வந்தது.

"உங்கக்கா அதுலதான் உக்காரணும்னு இன்னாங்க கட்டாயம்?" என்றாள் மனைவி சகுந்தலா.

கட்டாயம் இருந்தது. குடிவந்த அன்று கூட்டுறவுச் சங்கத்து அதிகாரிகள் முன்ஹாலை நிரப்பிவிட்டார்கள். நெல்லிவாசல்நாட்டிலிருந்து மலையிறங்கி வந்த அக்காவுக்கு அங்கே இடமில்லை. சமையலறையை ஒட்டிய பின் அறையில், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்தார். சாயங்காலம் தேடினால் அக்காவைக் காணோம். சொல்லாமலே மலையேறிவிட்டாள். அப்புறம் வரவே இல்லை. எந்த முகத்தோடு போவது என்று இவரும் போகவில்லை. அப்பா போன பிறகு மாடு மேய்த்துத் தம்பியைப் படிக்க வைத்தவள் அவள். அந்த வெங்காயக் கூடை ஆறு வருஷமாக அவர் தொண்டையிலேயே நின்றது.

இன்று அவளே வருகிறாள்.

உரிந்த இடத்தை மறைக்கச் சகுந்தலாவின் முகூர்த்தப் பட்டுப்புடவையை எடுத்து விரித்தார். பட்டு வழுக்கியது. நாலு குண்டூசி குத்தினார். வீட்டார் சாப்பிடுவது, டிவி பார்ப்பது, படுப்பது எல்லாம் பின் அறையில்தான் என்பதால், பூட்டியே கிடந்த ஹாலில் புழுங்கிய நாற்றம் அடித்தது. வாசனை ஸ்பிரேயை அடித்தார். மகள் காவியா விடாமல் தும்மினாள். காற்று வரட்டும் என்று ஃபேனைப் போட்டார். ஆறு வருஷத் தூசி மொத்தமும் பட்டுப்புடவை மேல் இறங்கியது. அவசர அவசரமாகப் புடவையை உதறி, தரையை ஈரத்துணியால் துடைத்தார். அது காய்வதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

அக்கா செருப்பை விட்டுவிட்டு நேராகப் பின் அறைப் பக்கம் நடந்தாள். குமரேசன் குறுக்கே போய் நின்றார்.

"அங்க வேணாம்க்கா. நீ இங்க உக்காரு."

ஈரத்தில் அவள் கால் வழுக்கியது. தாங்கிப் பிடித்து சோபாவில் உட்கார வைத்தார். உட்கார்ந்தவள் சட்டென்று எழுந்தாள். குத்திய குண்டூசியைப் பிடுங்கி எதிரேயிருந்த குட்டைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு, ஓரமாக ஒண்டிக்கொண்டாள்.

சாப்பாடும் அந்தக் கண்ணாடி மேசைக்கே வந்தது. முட்டி மோவாயைத் தொடக் குனிந்து, அவள் மட்டும் தனியாகச் சாப்பிட்டாள். சகுந்தலாவும் காவியாவும் கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர்கள் மாதிரி கதவோரம் நின்றார்கள். நீங்களும் உட்காருங்கள் என்று அவள் கூப்பிட்டதற்கு, முதலில் நீ சாப்பிடு என்றார் குமரேசன். உள்ளே போய்ச் சகுந்தலாவோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று இரண்டு தடவை எழுந்தாள். இரண்டு தடவையும் கையைப் பிடித்து உட்கார வைத்தார். மூன்றாவது தடவை எழுந்துவிடக் கூடாதென்று பின் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

அக்கா அதன் பிறகு எழவில்லை. பாதிச் சோற்றோடு கையைக் கழுவினாள்.

"வூடு நல்லா கீதுடா. நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

குமரேசன் உரிந்த சோபாவைப் பார்த்தபடி நின்றார். இன்னும் கொஞ்சம் மரியாதை செய்திருக்கலாமோ என்று நினைத்தார். வண்டிக்குத் தண்ணீர் பிடிக்கக் கேனோடு உள்ளே வந்தான் ஜீப் ஓட்டும் அருள். அவனை நிறுத்தி, அக்காவுக்குத் தன்மேல் இன்னும் கோபம் தீரவில்லையா என்று கேட்டார்.

"கோவமா? அன்னிக்குக் கடைசி ஜீப்ப புடிக்கத்தாங்க சொல்லாம ஓடியாந்தாங்க. அப்பறம் முட்டி வலியிலதான் இத்தினி வருஷம் எறங்கல" என்றான் அருள். "ஒரு மாசம் தங்கறதுக்குத் துணிமணியோட வந்தாங்க. மூட்டைய எறக்க வேணாம்னு இப்பதான் சொன்னாங்க. ‘ஆபீசருங்களயெல்லாம் வெளியில உக்கார வெச்சிட்டு, என்னைய மட்டும் உள்ளாற கூட்டிட்டுப் போனான் என் தம்பி’ன்னு ஆறு வருஷமா மலை பூரா பெருமை பேசினவங்க, பாவம்."