சைகோன் மாஸ்டரின் பிரெஞ்சுச் சந்தை

சைகோன் மாஸ்டருக்கு உண்மையிலேயே பிரெஞ்சு தெரியுமா? அவரிடம் பிரெஞ்சு படித்து, லண்டன் இன்டர்மீடியட் பரீட்சையில் அந்தப் பாடத்தில் சித்தியும் அடைந்தவள் நான். இன்று ஒரு பெண் குழந்தைக்குத் தாயாகியும்விட்டேன். ஆனால் இந்தக் கேள்விக்கு என்னால் இன்னும் பதில் சொல்ல முடியவில்லை.

ஒன்று மட்டும் நிச்சயம். பருத்தித்துறையிலிருந்து ஊர்காவற்றுறை வரை சல்லடை போட்டுத் தேடினாலும், அவரைப் போலத் துணிந்து பாடம் நடத்திய ஒருவர் அகப்படமாட்டார். வெள்ளை வேட்டி, அதன் மேல் கறுப்புக் கோட்டு, கழுத்தில் டை, தலையில் சோலாத் தொப்பி, கையில் குடை. வழியில் மாடு மறித்துக்கொண்டு நின்றால் தொப்பியைக் கழற்றி, "பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சுற்றிப் போவார். வேலி பாய்ந்து வரும் ஆடுகளை மட்டும் பிரெஞ்சில் நீளமாக ஏசுவார். ஏன் என்று கேட்டதற்கு, "தமிழிலை ஏசினால் பாவம் பிள்ளை. பிரெஞ்சிலை ஏசினால் அது படிப்பு" என்றார்.

அவர் எங்களுக்கு வந்து வாய்த்தது யுத்தத்தால். பட்டணத்தில் நான் படித்த பெண்கள் கல்லூரியில் பிரெஞ்சு கற்பித்த வெள்ளைக்கார மிஸ், விடுமுறைக்குச் சீமைக்குப் போன இடத்தில் ஜெர்மனியோடு யுத்தம் தொடங்கிவிட்டது. கப்பல் இல்லை; மிஸ் திரும்பவில்லை. இன்டர்மீடியட் வகுப்பில் நாங்கள் நான்கு பெண்கள் பாதிப் பாடத்தோடு நின்றோம். பிரின்சிபல் அம்மா ஊரெல்லாம் விசாரித்து, பிரெஞ்சுக்காரர் ஆளும் சைகோனில் ஏதோ கப்பல் கம்பெனியில் பல காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்த இவரைக் கண்டுபிடித்தார். அத்தாட்சிப் பத்திரம் எங்கே என்று கேட்டாராம். "அது கடலோடை போட்டுது அம்மா. பிரெஞ்சு இஞ்சை இருக்கு" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினாராம். வேறு ஆள் இல்லாததால் பிரின்சிபல் அம்மா அந்தத் தொண்டையை நம்பினார்.

என்னால் அப்படி நம்ப முடியவில்லை. என் நிலைமை அப்படி. அச்சுவேலிப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு கல்யாணப் பேச்சு வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் புகையிலைத் தோட்டம் ஏராளம். படித்த பெண்ணில் ஆசை குறைவு. என்னைப் பெற்ற ஐயாவிடம் அழுது மன்றாடி இன்டர்மீடியட் எழுத உத்தரவு வாங்கியிருந்தேன். "ஒருக்காத்தான் பிள்ளை. பெயில் எண்டால் புத்தகத்தைக் கட்டி வைச்சிட்டு அவையளுக்கு ஓம் எண்டு சொல்ல வேணும்" என்று ஐயா சொல்லியிருந்தார். மற்றப் பாடங்களில் பயமில்லை. பிரெஞ்சில் தவறினால் புகையிலைதான்.

முதல் நாள் மாஸ்டர் ஒரு பனையோலைக் கூடையோடு வந்தார். மேசையில் கத்தரிக்காய், முருங்கைக்காய், ஒரு சீப்பு வாழைப்பழம் என்று பரப்பினார். பாடப்புத்தகத்தை விரித்து, அதில் அரசனின் தோட்டத்தைப் பற்றி இருந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு மூடினார். பிறகு அந்த வருஷம் முழுவதும் அந்தப் புத்தகம் அவருக்கு விசிறியாகப் பயன்பட்டது.

அவர் வியாபாரி, நாங்கள் வாங்க வந்தவர்கள். அதுதான் பாடம். கத்தரிக்காயை அழுத்திப் பார்த்து, காம்பு வாடியிருக்கிறது என்று பிரெஞ்சில் குறை சொல்ல வேண்டும். அவர், இன்று காலைதான் பறித்தது, ஒரு புழுவைக் காட்டு பார்க்கலாம் என்று பிரெஞ்சில் சத்தியம் செய்வார். நாங்கள் பெருமூச்சு விட வேண்டும். வெயிலைச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கடையை உயர்த்திப் பேச வேண்டும். முதல் விலைக்கு ஒத்துக்கொண்டவள் பாடம் முடியும் வரை நிற்க வேண்டும். பெரும்பாலும் நின்றவள் நான்தான். யார் எதைச் சொன்னாலும் சரி என்று சொல்லிப் பழகிய வாய்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் பக்கத்தில் சந்தைக்குப் போவது ஆண்களின் வேலை. காலையில் ஐயா உமல் பையை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வருவதைச் சமைப்பதோடு சரி. தமிழில் ஒரு பிஞ்சு வெண்டிக்காய்க்குக்கூட விலை கேட்டறியாத நாங்கள், பிரெஞ்சில் பேரம் பேசக் கற்றுக்கொண்டிருந்தோம்.

பேரத்தின் உச்சம், வேண்டாம் என்று எழுந்து போவது. திரும்பிப் பார்க்காமல் வாசல் வரை நடக்க வேண்டும். வியாபாரி கூப்பிட்டால் வெற்றி. என் சிநேகிதி மனோன்மணி ஒருநாள் அப்படி எழுந்து போனாள். மாஸ்டர் கூப்பிடவில்லை. அவளும் திரும்பவில்லை. ரயிலேறி வீட்டுக்கே போய்விட்டாள். மறுநாள் அதே கத்தரிக்காயை மாஸ்டர் கூடையின் மேலே வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார்.

நான் ரகசியமாகப் பழைய மிஸ்ஸின் இலக்கணக் குறிப்புகளைப் படித்து வந்தேன். கொக்குவிலில் ரயிலேறியதும் ஒரு வினைச்சொல்லைத் தொடங்குவேன். அதை முழுவதும் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஸ்டேஷனான யாழ்ப்பாணம் வந்துவிடும். பாதி வினைச்சொற்களோடு வகுப்புக்குப் போய், மாஸ்டரிடம் மீதியைக் கேட்டால், "உந்தச் சாமான் சைகோன் சந்தையிலை விக்கிறேல்லை பிள்ளை" என்பார்.

ஒரு நாள் பிரின்சிபல் அம்மா எங்கள் வகுப்புப் பக்கம் வந்தார். நான்கு பெண்களும் விறாந்தையில் வரிசையாக, வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். உள்ளே மாஸ்டர் தனியாகக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பிள்ளையள் வெளியிலை நிக்கிறியள்?"

"மாஸ்டர் இன்னும் கூப்பிடேல்லை அம்மா" என்றாள் மனோன்மணி.

பிரின்சிபல் அம்மா உள்ளே போனார். "ஏன் மாஸ்டர், அதுகளைக் கூப்பிடுங்கோவன்."

"கூப்பிட்டால் விலை இறங்கும் அம்மா" என்றார் மாஸ்டர், முகட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வினை அங்கே ஆரம்பித்தது. பரீட்சைக்கு எங்கள் பெயர்களை அனுப்புமுன் ஒரு வாய்மொழிச் சோதனை வைக்கப் பிரின்சிபல் அம்மா தீர்மானித்தார். பிரான்சில் பிறந்து, வெகுகாலமாக இங்கேயே இருந்துவிட்ட ஒரு கன்னியாஸ்திரி வந்து எங்களோடு கதைப்பார். நூற்றுக்கு நாற்பது போட்டால்தான் பெயர் லண்டனுக்குப் போகும். செய்தி கேட்டதும் மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. காய்ச்சல்காரர் சோதனையன்று அச்சுவேலிக்கு மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போனதை மனோன்மணியின் அண்ணை கண்ணால் கண்டார்.

முதலாவதாக என்னைத்தான் அழைத்தார்கள். பிரின்சிபல் அம்மா ஒரு மூலையில் இருந்தார். கன்னியாஸ்திரி சாந்தமான கிழவி. ஒரு படத்தைக் காட்டினார். மரத்தடியில் ஒரு சீமாட்டி; கையில் புத்தகம்; தூரத்தில் ஒரு தேவாலயம். அந்தச் சீமாட்டி என்ன நினைக்கிறாள் என்று பிரெஞ்சில் கேட்டார். நான் படம் முழுவதும் தேடினேன். விற்கக்கூடிய பொருள் ஒன்றுகூட இல்லை. குடும்பத்தைப் பற்றிக் கேட்டார், ஆம் என்றேன். மழையைப் பற்றிக் கேட்டார். அதற்கும் ஆம் என்றேன். புகையிலை வாசம் மூக்கில் ஏறத் தொடங்கியது.

கன்னியாஸ்திரி பென்சிலை எடுத்தார். மிகவும் இரக்கத்தோடு, "மகளே, முப்பதுக்கு மேல் எப்படிப் போடுவேன்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

அது என் காதில் விழுந்த முதல் விலை.

அதன் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. பெருமூச்சு விட்டேன். "முப்பதா, தாயே? இந்த வெயிலில் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறேன் தெரியுமா?" என்று பிரெஞ்சில் கேட்டேன். அவர் பென்சிலை நிறுத்தினார். எனக்குத் தெரிந்த வாக்கியங்கள் எல்லாம் கத்தரிக்காயின் வாக்கியங்கள். வேறு வழியில்லாமல் என்னையே கூடையில் வைத்தேன். இன்று காலைதான் பறித்தது. வாடல் இல்லை. ஒரு புழுவைக் காட்டுங்கள் பார்க்கலாம். வேண்டுமானால் அழுத்திப் பாருங்கள்.

கிழவியின் முகம் மாறியது. கண்ணாடியைக் கழற்றி வைத்தார். காம்பு கொஞ்சம் காய்ந்த மாதிரித் தெரிகிறதே என்றார். அது பழைய மிஸ் போனதால் காய்ந்தது, உள்ளே இளசு என்றேன். வெளியே நிற்கும் மூன்று பேரும் இதைவிடப் பெரிதாக இருக்கிறார்களே என்றார். பெரியதெல்லாம் முற்றிப்போன விதைக்காய் என்றேன். மனோன்மணிக்கு இதை இன்றுவரை நான் சொன்னதில்லை. முப்பத்தைந்து என்றார். அறுபது என்றேன். என்னைக் கொள்ளையடிக்க வந்தாயா என்றார். பிள்ளைகுட்டிக்காரி, பிழைக்க வேண்டாமா என்றேன். கல்யாணமாகாத பெண் சொல்லக்கூடிய வாக்கியமா அது? மாஸ்டர் கற்றுத்தந்ததே அவ்வளவுதான்.

முப்பத்தெட்டு என்றார். அதுதான் கடைசி என்று பென்சிலைக் கீழே வைத்தார்.

நான் எழுந்தேன். வணக்கம் சொன்னேன். வாசலை நோக்கி நடந்தேன். பின்னால் சத்தமில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அறையை நான் கண்டதில்லை. ஒவ்வோர் அடிக்கும் திரும்பிப் போய், முப்பத்தெட்டையே தாருங்கள் என்று காலில் விழலாமா என்று நினைத்தேன். முப்பத்தெட்டால் பயனில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கதவில் கை வைத்துவிட்டேன்.

"திரும்பி வா, பெண்ணே" என்றார் கன்னியாஸ்திரி.

ஐம்பத்தைந்து போட்டார். பிறகு பிரின்சிபல் அம்மாவிடம், தன் தாய் பிரான்சில் ஒரு துறைமுகச் சந்தையில் காய்கறி விற்றவர் என்றும், அந்தச் சந்தைப் பேச்சைக் கேட்டு வெகுகாலம் ஆகிவிட்டது என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பிள்ளையை அனுப்புங்கள் என்றார். அன்று நான்கு பேரும் தேறினோம். பெயர்கள் லண்டனுக்குப் போயின. எழுத்துப் பரீட்சையில் ரயிலில் படித்த பாதி வினைச்சொற்கள் கைகொடுத்தன. பெறுபேறு வந்த அன்று ஐயா அச்சுவேலிக்கு ஆள் அனுப்பி, வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அன்றிரவு தலையணையில் தலை வைத்ததும் தூங்கியதுபோல நான் அதற்கு முன்னும் தூங்கியதில்லை, பின்னும் தூங்கியதில்லை.

மாஸ்டரிடம் நன்றி சொல்லப் போனேன். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். "முதல் எவ்வளவு சொன்னவ?" என்றார்.

"முப்பது, மாஸ்டர்."

"முடிஞ்சது?"

"ஐம்பத்தைஞ்சு."

"அவசரப்பட்டிட்டீர் பிள்ளை. கதவைத் திறந்திருக்க வேணும்" என்றார்.

கன்னியாஸ்திரி அவரைப் பார்க்க ஆசைப்பட்டுப் பல முறை ஆள் அனுப்பினார். ஒவ்வொரு முறையும் மாஸ்டருக்கு எங்கேயோ கிழங்கு வாங்க வேண்டியிருந்தது. சைகோனில் நீதிபதிக்கே மொழிபெயர்த்தவர் என்று சிலர் சொல்வார்கள். கப்பலில் சமையற்கட்டைத் தாண்டாதவர் என்று வேறு சிலர் சொல்வார்கள். அவர் ஒரு பிரெஞ்சுக்காரரோடு கதைத்ததைக் கண்டவர் எவரும் இல்லை.

வாசகர்களிடம் நான் கேட்க வந்தது வேறு விஷயம். வருகிற விசயதசமிக்கு என் மகளுக்கு ஏடு தொடக்க வேண்டும். முதல் எழுத்தை யார் மடியில் இருத்தி எழுதுவிப்பது என்று வீட்டில் பேச்சு. என் கணவரின் தாயான மாமி எங்கள் ஊர்த் திண்ணைப் பள்ளிச் சட்டம்பியாரை நினைத்திருக்கிறார். தேவாரம் முழுவதும் மனப்பாடமான மனிதர். குறை சொல்ல எதுவும் இல்லை. எனக்கு மாஸ்டர்தான் மனதில் நிற்கிறார். ஆனால் அவர் அரிசியில் "அ" எழுதுவிப்பாரா, அரிசிக்கு விலை கேட்பாரா என்று எனக்கே பயம். மாமியின் மனம் நோகுமா? பிள்ளையின் படிப்புக்கு ஏதும் குறை வருமா? கணவரைக் கேட்டால், "உமக்குத்தானே அவரைத் தெரியும், நீர்தான் யோசிச்சுச் சொல்லும்" என்கிறார். யோசித்து யோசித்து நவராத்திரியே கிட்டிவிட்டது.

போன கிழமை கொக்குவில் ஸ்டேஷனில் மாஸ்டரைக் கண்டேன். தலை முழுவதும் நரைத்துவிட்டது. அந்நியரைக் கண்டால் என் சேலைக்குள் ஒளிகிற என் மகள், தானாகவே அவரிடம் போய் அந்த டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் குனிந்தபடியே நின்றார். ரயில் வந்தது. பிள்ளை பிடியை விடவில்லை, அவரும் விடுவிக்கவில்லை. ரயில் போய்விட்டது.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் யாரை அழைப்பீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். மாஸ்டரை அழைக்கும்படி எழுதினால், மாமிக்கும் வாசித்துக் காட்டுவேன்.