துபாய் டின்னும் பாசித்தின் வாயும்

தெருவில் வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடாவில் இருந்த காலம். ரமலான் நோன்புக்கு யூனுஸ் துபாயிலிருந்து பட்டுக்கோட்டைக்கு வந்து இறங்கியபோது பெட்டியில் சட்டையைவிட டின்தான் அதிகம். எல்லாம் குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கிற சத்து மாவு. ஏழு மாதத்து மகன் பாசித்துக்கு இனி தாய்ப்பாலையும் அந்த மாவையும் தவிர வேறெதுவும் கிடையாது என்று மனைவி ஹஃப்ஸாவிடம் அடித்துச் சொல்லிவிட்டான்.

“அரிசியும் பாசிப்பருப்பும் வறுத்து அரைச்சு வச்சிருக்கேன் மச்சான்.”

“அரிசிக்கஞ்சி குடிக்கவா நான் அந்த வெயில்ல வேகுறேன்?”

பாசித்துக்கு இந்த நியாயமெல்லாம் தெரியவில்லை. முதல் கரண்டியை அத்தா யூனுஸின் வெள்ளைச் சட்டையிலேயே துப்பினான். அடுத்ததற்கு வாயே திறக்கவில்லை. எடை பார்த்த நர்ஸ் வள்ளியம்மைக்கு முகம் சுருங்கிவிட்டது. போன மாதத்து எடையிலேயே நின்றிருந்தது பிள்ளை.

“அடுத்த தடவையும் ஏறலேன்னா தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யூனுஸ் பிள்ளையைத் தோளைவிட்டு இறக்கவில்லை. ஆனாலும் வீம்பை விட்டானா மனுஷன்?

“இன்னும் கெட்டியாக் கரைச்சு ஊட்டு.”

“நீங்க ருசி பார்த்தீங்களா?”

“நோன்பு வாயோட எப்படிப் பார்க்கிறது?”

“அப்ப வெளிய போங்க. இப்படி முறைச்சுக்கிட்டு நின்னா புள்ள எங்க வாயைத் திறக்கும்?”

அன்றிலிருந்து ஊட்டுகிற நேரத்தில் அவனுக்கு வாசலில் நடைதான். உள்ளே வந்தால் கிண்ணம் காலியாக இருக்கும். டின்னைத் தூக்கிப் பார்ப்பான், கனம் குறைந்திருக்கும். ஆனாலும் பயம் போகவில்லை, பிள்ளையின் கையையும் காலையும் தடவித் தடவிப் பார்ப்பான். பொழுது சாய்ந்து மஃரிபு பாங்குக்கு நோன்பு திறந்ததும் ஹஃப்ஸா இனிப்பாகப் பால் கஞ்சி வைப்பாள். அவனுக்கு ஒரு கிண்ணம் போதாது.

“இதுதான் புள்ள நம்ம ஊர் ருசி. துபாயில தலைகீழா நின்னாலும் கிடைக்குமா?”

“நல்லாக் குடிங்க மச்சான்,” என்று இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.

பெருநாள் கழிந்து, எடை பார்க்கும் நாளும் வந்துவிட்டது. மறுநாள் அவனுக்கு விமானம். பாசித்தைத் தராசில் தொங்கவிட்டபோது யூனுஸ் மூச்சே விடவில்லை. முள் ஆடியது. பின்னால் போனது. மறுபடி ஆடி நின்றது. வள்ளியம்மை குனிந்து பார்த்தார். பிள்ளையைச் சரியாக உட்காரவைத்து மறுபடியும் பார்த்தார்.

“நல்லாவே ஏறியிருக்கான். என்னம்மா கொடுத்தே?”

யூனுஸுக்குக் கண் கலங்கிவிட்டது. “சொல்லு புள்ள, டின்னைப் பத்திச் சொல்லு.”

“அரிசி, பாசிப்பருப்புக் கஞ்சிதான் சிஸ்டர். கொஞ்சம் நெய் விட்டுக் கொடுத்தேன்.”

“அப்ப டின் மாவு? கொட்டிட்டியா?”

“நீங்க வேர்வை சிந்தி வாங்கினதாச்சே, கொட்ட மனசு வருமா? பாலை ஊத்தி, நோன்பு திறக்க உங்களுக்கே வச்சேன். மிச்சம் ஒரு டின்னை உங்க பெட்டியில போட்டிருக்கேன் மச்சான். அங்க போயி நம்ம ஊர் ருசிக்கு ஏங்கிடக் கூடாதுல்ல.”